90 வோல்ட் பற்றரி இல்லாமல் பழைய வால்வ் றேடியோ (திருகோணமலை)

நிலாவெளி:
வணக்கம். 1950களில் கரண்ட் இல்லாத வீடுகளில் பாடின நாலு வால்வ் பற்றரி றேடியோவில் மாலைச் சிற்றலை கேட்க வேணும். வால்வுகள் டிகே91, டிஎஃப்91, டிஏஎஃப்91, டிஎல்92. 90 வோல்ட் பற்றரிக்கு மாற்று என்ன? கடற்கரை 300 மீற்றரில். ஏரியலை எப்படிக் கட்டலாம்?

உவர்மலை:
சின்ன 9 வோல்ட் பற்றரி பத்தைத் தொடராக இணையுங்கோ. செற் இழுப்பது 10–12 மில்லியம்பியர்தான். அல்கலைன் என்றால் முப்பது மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். வால்வுக்குள் சூடாகிற மெல்லிய கம்பிதான் இழை. இழைக்கு 1.5 வோல்ட்: பெரிய ரோர்ச் பற்றரி இரண்டு, சமாந்தரமாக. முதல் மூன்று வால்வுக்கும் தலா 50 மில்லியம்பியர், டிஎல்92க்கு 100. ஆக 250 மில்லியம்பியர். செற்றின் பின்பலகையில் இழைக்கு 7.5 அல்லது 9 வோல்ட் என்று இருந்தால் இழைகள் தொடரில் உள்ளன, இந்தக் கணக்குச் சரிவராது.

90 வோல்ட் தவறி இழையில் பட்டால் நாலு வால்வும் போச்சு. நேர் வயரில் 60 மில்லியம்பியர் பியூஸ் கட்டாயம். இரண்டு பற்றரியின் எதிர் முனைகளையும் ஒன்றாக முறுக்காதேங்கோ. பல செற்றுகளில் நடுவில் ஒரு தடை இருக்கும். டிஎல்92இன் கிரிட்டுக்கு (வால்வுக்குள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற வலை) வேண்டிய எதிர் வோல்ட் அதிலிருந்துதான் வருது.

கன்னியா:
பற்றரி குடுக்கமுதல் டிஏஎஃப்91 அனோட்டில் (நேர்த் தகடு) இருந்து டிஎல்92 கிரிட்டுக்குப் போற 0.01 மைக்ரோபரட் கடதாசிக் கொண்டென்சரை மாற்றுங்கோ. அது கசிந்தால் கிரிட்டில் நேர் வோல்ட் ஏறும், சத்தம் கரகரக்கும், 90 வோல்ட் பற்றரியும் கெதியில் இறங்கும்.

நிலாவெளி:
மாற்றியாச்சு, நன்றி. மத்திய அலை தெளிவு. சிற்றலை மட்டும் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போகுது.

கன்னியா:
ஓடும்போதே இழை வோல்ட்டை அளவுங்கோ. 1.1க்குக் கிட்ட இறங்கினால் டிகே91 தானே உண்டாக்குகிற அலைவு (அது இல்லாட்டி நிலையம் பிடிபடாது) முதலில் சிற்றலையில்தான் நிற்கும். பற்றரி புதுசு என்றால் சுவிச்சிலும் வால்வ் கால்களிலும் பச்சை பிடித்திருக்கும், உப்புக்காற்று ஊர்தானே.

உவர்மலை:
ஏரியலுக்கு 20 மீற்றர் செப்பு வயர், 8 மீற்றர் உயரம், இரு முனையிலும் பீங்கான். தென்னையில் கட்டினால் ஒரு கப்பியும் பாரக்கல்லும் வேணும், இல்லாட்டி மரம் ஆட வயர் அறும். வாடைக்காற்றில் பீங்கானில் உப்புப் படியும், நல்ல தண்ணியால் கழுவுங்கோ. காய்ந்த மணலில் ஏர்த் பிடிக்காது. கிணற்றடி ஈரத்தில் ஒன்றரை மீற்றர் குழாயை அடியுங்கோ. இடி முழங்கினால் ஏரியலைக் கழற்றி ஏர்த்தில் போடுங்கோ.

பொழுதுபட 19, 25 மீற்றர் சிற்றலை வரிசைகள் மெல்ல அடங்கும். 31, 41, 49இல் தேடுங்கோ. பகலில் இந்த 31, 41, 49 அலைகளை உறிஞ்சுகிற, மேல்வானத்து மின்னேற்றப் படைகளில் கீழ்ப்படை இருட்டினதும் கலைந்துவிடும். கேட்கிற நேரம் வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்துங்கோ: எல்ஈடி பல்ப், போன் சார்ஜர் இரைச்சல் அந்தக் காலத்தில் இல்லாதது, உங்கள் செற்றுக்குக் கரண்டும் தேவையில்லை.