ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதிக்கு எப்படிப் பழக்குகிறீர்கள்?

அக்கா, அண்ணன்மாரே, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கல்மேசையில் ஞாயிறுதோறும் நான்கு பேருக்கு ஐஇஎல்டிஎஸ் சொல்லித்தருகிறேன். காசு வாங்குவதில்லை, வடையும் டீயும் வந்துவிடும்.

கேட்டலும் வாசிப்பும் பரவாயில்லை. இடிப்பது எழுத்துதான். ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத வேண்டும்: முதலாவது குறைந்தது 150 சொல், அடுத்தது குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை. மதிப்பெண்ணில் இரண்டாவதற்குத்தான் இருமடங்கு எடை. ஆனால் வெளிநாட்டில் முதுகலை படிக்க நினைக்கும் ஒரு தம்பி முதலாவதில் வரும் வரைபடத்தை விவரிப்பதிலேயே 35 நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் அதிலிருந்த எண்களை எல்லாம் மளிகைச் சீட்டு மாதிரி வரிசையாக எழுதியிருந்தார். மொத்தத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு வரி இல்லை. கேட்டால், "அதான் படத்துலயே தெரியுதேக்கா" என்கிறார்!

பேச்சில் இன்னொரு தலைவலி. தலைப்பு கொடுத்திருக்கும் அட்டையைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேசலாம். ஒரு தங்கை நாற்பதே வினாடியில் "தட்ஸ் ஆல் லா" என்று முடித்துவிடுகிறாள். லா கூடப் பரவாயில்லை, அதற்குப் பிறகு வரும் மௌனம்தான் பயமாக இருக்கிறது.

நூலகத்து மாதிரித் தாள்களை எல்லாம் முடித்துவிட்டோம். தேர்வுக்கு ஆறு வாரம்தான். இரண்டாம் கட்டுரையை முதலில் எழுதச் சொல்லலாமா? அப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வாரம் ஒரு கட்டுரை திருத்தித்தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி. உள்பெட்டியில் சொல்லுங்கள்.