ஓவர்கிளாக் பண்ண எதை வாங்கலாம்: 9950எக்ஸ்3டியா, 285கேயா, 14900கேயா?

நள்ளிரவு_ரெண்டர் கேட்டது:

வணக்கம். புது டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணப் போறேன். பகல்ல பிளெண்டர்னு 3டி சாஃப்ட்வேர் (ப்ராசஸர்லயே ஓடுற சிபியு ரெண்டர்தான், சீன் பெருசு), ராத்திரி கேம். ப்ராசஸரை ஓவர்கிளாக் (கம்பெனி குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறது) பண்ணணும்கிறது ஆசை, அதுக்காகக் கொஞ்சம் கூடவே செலவு பண்ணத் தயார். ஏஎம்டி-யோட ரைசன் 9 9950எக்ஸ்3டி, இன்டெல்லோட கோர் அல்ட்ரா 9 285கே, ஐ9 14900கே மூணையும் பார்த்து வச்சிருக்கேன். ஊர் சென்னை, ரூமில் ஏசி இல்லை, மே மாசம் உள்ளேயே 34-35 டிகிரி. 360 லிக்விட் கூலர் போடுவேன். எல்லா கோரையும் 5.8 கிகாஹெர்ட்ஸில் லாக் பண்ணி ஓட்டலாமா?

ஈயப்பற்று:

5.8 லாக்கை முதல்ல மறந்துடுங்க. 9950எக்ஸ்3டி, 285கே ரெண்டும் ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது 5.7 வரைக்கும் தானாகவே ஏறும், அதுதான் பூஸ்ட். எல்லா கோருக்கும் வேலை வந்தா சூடும் கரண்டும் கீழே இழுத்துடும். நீங்க மல்டிபிளையரை (கோர் வேகத்தை நிர்ணயிக்கிற பெருக்கு எண்) ஒரே இடத்தில் நிறுத்தினா, ரெண்டருக்குத் தாங்குற வேகத்தில்தான் நிறுத்த முடியும், அது 5.7-க்குக் கீழேதான் வரும். கேம்ல கிடைச்சிட்டிருந்த பூஸ்ட் போயிடும். ஓவர்கிளாக் பண்ணி வேகத்தைக் குறைச்ச கதை ஆகிடும். இப்போ இந்த சிப்களில் செய்யக்கூடியது, ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் போகணும்னு செதுக்குறதுதான்.

14900கே வேண்டாம். அளவுக்கு மேல வோல்டேஜ் கேட்டுத் தானே தேய்ஞ்சுபோன வரிசை அது. 2024 ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோடுதான் (சிப்புக்குள்ளேயே ஓடுற நிரல்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கிறதைத் தடுத்தது, செப்டம்பரில் அடுத்த திருத்தமா 0x12B வந்தது. அதுக்கு முன்னாடி ஓடித் தேய்ஞ்ச சிப்பை எந்த பயாஸ் (மதர்போர்டோட சொந்த சாஃப்ட்வேர்) அப்டேட்டும் சரிபண்ணாது, அதனால பழசு மலிவா கிடைக்குதுன்னு கை வைக்காதீங்க. புதுசுன்னாலும் அதோட 6.0 கிகாஹெர்ட்ஸ் 70 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் வரும். 35 டிகிரி ரூமில், 253 வாட் இழுக்கிற சிப்பில், அந்த 6.0-ஐ அட்டைப்பெட்டியில்தான் பார்க்கலாம்.

ரெண்டரும் கேமும் ரெண்டும் வேணும்னா 9950எக்ஸ்3டி. 16 கோர், 32 த்ரெட் (கோருக்கு ரெண்டு வேலை வரிசை), எல்3 கேச் (சிப்புக்குள்ளே இருக்கிற அதிவேக மெமரி) 128 எம்பி. இந்தத் தலைமுறையில் எக்ஸ்3டி-ங்கிற அந்தக் கூடுதல் கேச் கோர்களுக்கு அடியில் போயிடுச்சு, அதனால சூடு நேரா மேலே வருது. 7800எக்ஸ்3டி மாதிரி பழைய எக்ஸ்3டி சிப்களில் கேச் மேலே உட்கார்ந்திருந்தது, மல்டிபிளையரும் பூட்டியிருந்தது. வெறும் கேம் மட்டும்னா 9800எக்ஸ்3டி போதும், மிச்சக் காசை கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம். மதர்போர்டு பி850 போதும். பி840 வாங்கிடாதீங்க, அதில் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. தனி கிளாக் ஜெனரேட்டர் வச்சு பேஸ் கிளாக்கை (மல்டிபிளையர் பெருக்குற அடிப்படை வேகம், வழக்கமா 100 மெகாஹெர்ட்ஸ்) 102, 103-னு ஏத்தணும்னா மட்டும் எக்ஸ்870இ-யில் மேல்மட்ட போர்டு.

தறி_நாடா:

ஈயப்பற்று சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுறேன். கேள்வி ஓவர்கிளாக் பத்தி. திருகிப் பார்க்க அதிக இடம் இருக்கிறது 285கே-யில்தான். பி-கோர் (வேகமான பெரிய கோர்) வேகத்தை 16.67 மெகாஹெர்ட்ஸ் படியில் ஏத்தலாம். அதைவிட முக்கியம், உள்ளே டைல்களை (சிப்போட தனித்தனி துண்டுகள்) இணைக்கிற ரெண்டு கிளாக். என்ஜியு ஆரம்பத்தில் 2.6, டி2டி 2.1 கிகாஹெர்ட்ஸ். மெமரி கன்ட்ரோலர் கோர்கள் இருக்கிற டைலில் இல்லை, தனி டைலில் இருக்கு. ராமுக்குப் போய்வர ஆகிற நேரம் அங்கேதான் வீணாகுது. 2025 ஏப்ரலில் இன்டெல் விட்ட 200எஸ் பூஸ்ட்டுங்கிற பயாஸ் செட்டிங் இந்த ரெண்டையும் 3.2-க்குக் கொண்டுபோகும், ராமை 8000 வரை விடும், வாரன்டியும் போகாது. இசட்890 போர்டில் பயாஸை அப்டேட் பண்ணி அந்த ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணினா போதும். பி-கோரை 100 மெகாஹெர்ட்ஸ் ஏத்துறதைவிட இதில்தான் கேம்ல வித்தியாசம் தெரியும்.

அப்படியும் கேம்ல எக்ஸ்3டியை எட்டிப் பிடிக்காது, அதை ஒத்துக்கிறேன். 285கே உட்காருற சாக்கெட்டுக்கும் எதிர்காலம் குறைவு, 9950எக்ஸ்3டி உட்காருற ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 தாண்டியும் ஆதரவுன்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. விளையாட்டா திருகுறதுதான் பிரதானம்னா 285கே, பலன்தான் வேணும்னா 9950எக்ஸ்3டி.

நள்ளிரவு_ரெண்டர்:

ரெண்டு பேருக்கும் நன்றி, 9950எக்ஸ்3டி பக்கம் சாயுறேன். ஒரு சந்தேகம். யூடியூப்ல எல்லாரும் கர்வ் ஆப்டிமைசரில் (கோரோட வோல்டேஜைப் படிப்படியா குறைக்கிற ஏஎம்டி ஆப்ஷன்) எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டு, சினிபெஞ்ச்னு ரெண்டர் டெஸ்ட் ஒரு ரவுண்டு ஓட்டி, முடிஞ்சதுங்கிறாங்க. அவ்வளவுதானா?

ஈயப்பற்று:

அதுதான் இருக்கிறதிலேயே பெரிய பொறி. ஒரு படி தோராயமா 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30-ன்னா 90-லிருந்து 150 மில்லிவோல்ட் வரைக்கும் உருவுறீங்க. சினிபெஞ்சில் எல்லா கோரும் ஓடுறதால வேகம் குறைவு, அங்கே அந்த வோல்டேஜ் போதும். ரெண்டர் முடிஞ்சு நீங்க பிரவுசரைத் திறக்கிறப்போ ஒரே ஒரு கோர் 5.7-க்குத் தாவும் பாருங்க, அங்கே பத்தாது. ஸ்கிரீன் கறுத்து ரீஸ்டார்ட் ஆகும். லோடு இல்லாதப்போ விழுறதால எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மேல சந்தேகப்பட்டு அதை மாத்துறவங்க நிறைய.

செய்ய வேண்டிய வரிசை இது. பயாஸைப் புதுசாக்கி, எதையும் தொடாம ஒரு நாள் ஓட்டுங்க. அப்புறம் ராமுக்கு மட்டும் எக்ஸ்போ (ராமை அதுல குறிச்ச வேகத்தில் ஓட்டுற ப்ரொஃபைல்) ஆன் பண்ணி, மெமரி டெஸ்ட்டை ராத்திரி முழுக்க விடுங்க. ராமையும் கோரையும் ஒரே நாளில் திருகினா எது தப்புன்னு கண்டுபிடிக்க முடியாது. ராம் தேறினதும் பிபிஓ-வை (சிப்போட பவர், சூடு எல்லைகளை மாத்துற ஏஎம்டி ஆப்ஷன்) அட்வான்ஸ்டில் வச்சு, டெம்பரேச்சர் லிமிட் 85 குடுங்க. பவர் லிமிட்டை மதர்போர்டு இஷ்டத்துக்கு விடாதீங்க. வாட் தாறுமாறா ஏறும், ரெண்டரில் மிச்சமாகிறது சொற்பம்.

அடுத்து கர்வ் ஆப்டிமைசரில் கோர் வாரியா போங்க. விண்டோஸ் முதல்ல வேலை குடுக்கிற ரெண்டு நல்ல கோர் ஏற்கெனவே இறுக்கமா செட் ஆகி வந்திருக்கும், அதுக்கு மைனஸ் 10. மத்ததுக்கு மைனஸ் 20. இப்போ கோர்சைக்ளரை (ஒவ்வொரு கோரா சோதிக்கிற டூல்) எஸ்எஸ்இ மோடில் (லேசான கணக்கு), கோருக்கு 6 நிமிஷம், ஒரே த்ரெட். ஏவிஎக்ஸ் (கனமான கணக்கு) வேண்டாம், அது சூடாக்கி வேகத்தைக் குறைச்சு பிரச்சினையை மறைச்சிடும். 16 கோருக்கு ஒரு சுற்று 96 நிமிஷம், அஞ்சாறு சுற்றாவது ஓடணும். விழுந்த கோரை மட்டும் 3 படி மேலே ஏத்தி மறுபடி ஓட்டுங்க. எல்லாம் தேறியும் சும்மா இருக்கும்போது மட்டும் விழுந்தா, 9000 வரிசையோடு வந்த கர்வ் ஷேப்பரில் குறைந்த வேகப் பகுதிக்கு மட்டும் ரெண்டு மூணு படி வோல்டேஜைத் திருப்பிக் குடுங்க. அதுக்காக மொத்த கர்வையும் தளர்த்த வேண்டாம்.

பூஸ்ட் ஓவர்ரைடு (பூஸ்ட்டோட உச்சவரம்பை ஏத்துறது) பிளஸ் 200 மெகாஹெர்ட்ஸ் கடைசியில். எச்டபிள்யூஇன்ஃபோ டூலில் கோர் கிளாக்கை மட்டும் பார்த்து சந்தோஷப்படாதீங்க, எஃபெக்டிவ் கிளாக் (நிஜமா ஓடின வேகம்) வரியையும் பாருங்க. முழு லோடில் மேலே 5.4 காட்டி கீழே 5.2 இருந்தா வோல்டேஜ் பத்தாம சிப் தானே கிளாக்கை நீட்டி வேகத்தைக் குறைச்சுக்குது, ஸ்கோரும் குறையும்.

கருப்பட்டி_காபி:

ராம், கூலர் பத்தி மட்டும் சொல்றேன். 64 ஜிபி வேணும்னா 32 வீதம் ரெண்டு குச்சி, டிடிஆர்5 6000, சிஎல்30 (ராம் பதில் தர ஆகிற தாமத அளவு). நாலு குச்சி போட்டா ஏஎம்டி உறுதி குடுக்கிற வேகம் 3600 தான். எக்ஸ்போ ஆன் பண்ணினதும் மறக்காம பாருங்க: யுசிஎல்கே (மெமரி கன்ட்ரோலர் வேகம்) 3000 இருக்கணும், 1500 காட்டினா ராமோட பாதி வேகத்தில் ஓடுற ஒன்றுக்கு இரண்டு மோடுக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதிக்குப் போறது) கையால 1.20-இல் வச்சு, தேறலைன்னா 1.25 வரை. 2023-இல் ரைசன் 7000 சிப்கள் கருகினதுக்கு அப்புறம்தான் 1.3-க்கு மேல போகாம பூட்டினாங்க, சில போர்டு எக்ஸ்போ போட்டதும் அந்த எல்லையிலேயே கொண்டுபோய் நிறுத்தும். முதல் தடவை பூட் ஆக சில நிமிஷம் ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கும், ராம் ட்ரெய்னிங் (போர்டு ராமைச் சோதிச்சு செட் பண்றது). பயந்துபோய் ஸ்விட்சை அணைக்காதீங்க.

கூலரில் ஏஎம்5 ஆஃப்செட் பிராக்கெட் இருக்கிற மாடலா பாருங்க. சூடு வர்ற சிப்லெட் (கோர்கள் இருக்கிற துண்டு) நடுவில் இல்லை, ஒரு ஓரமா இருக்கு. கூலரை அந்தப் பக்கம் நகர்த்தினாலே சில டிகிரி குறையும். பத்து நிமிஷ டெஸ்ட்டை நம்பாதீங்க, லிக்விட் முழுசா சூடாக அரைமணி நேரம் ஆகும், உங்க ரெண்டர் அதுக்கு மேல ஓடும். டிசம்பரில் செட் பண்றீங்கன்னா மே மாசத்துக்கு எட்டு, பத்து டிகிரி இடம் விட்டு வைங்க.

நள்ளிரவு_ரெண்டர்:

தெளிவாயிடுச்சு. கடைசியா ஒண்ணு, கோர்சைக்ளர் ஓடாதப்போ தானா ரீஸ்டார்ட் ஆனா எந்த கோர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஈயப்பற்று:

விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக். டபிள்யூஎச்இஏ லாகர் (ஹார்ட்வேர் பிழைப் பதிவு), ஐடி 18 இருந்தா அதில் ப்ராசஸர் ஏபிஐசி ஐடின்னு ஒரு நம்பர் இருக்கும், கோருக்கு ரெண்டு த்ரெட்ங்கிறதால ரெண்டால வகுங்க. 14 அல்லது 15-ன்னா கோர் 7. கோரை 0-விலிருந்து எண்ணணும், பயாஸில் 1-லிருந்து எண்ணுற போர்டா இருந்தா ஒண்ணு கூட்டிக்கோங்க. 18 இல்லாம வெறும் கெர்னல் பவர் 41 (திடீர்னு அணைஞ்சதுங்கிற பதிவு) மட்டும் இருந்தா கோரைத் தொடுறதுக்கு முன்னாடி யூபிஎஸ்ஸைப் பாருங்க, ப்யூர் சைன்வேவ் இல்லைன்னா கரண்ட் மாறுற நொடியில் சில எஸ்எம்பிஎஸ் ஆஃப் ஆகிடும்.