களப்பணிக்கு இடம் கிடைக்கவில்லை, சங்கரன்கோவில் பக்கம் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதல் வருடம் படிக்கிறேன். வகுப்பெல்லாம் ஆன்லைன், சனிக்கிழமை இரவு. பாடத்தில் பிரச்சினை இல்லை, களப்பணியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏதாவது ஒரு நிறுவனத்தில் போய் வேலை பார்த்து, அங்கே எம்.எஸ்.டபிள்யூ. முடித்த ஒருவரிடம் டைரியில் கையெழுத்து வாங்க வேண்டும். டிசம்பர் கடைசிக்குள் அறிக்கை போக வேண்டும். டைரி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. ஞாயிறு முழுநாள், செவ்வாய் மதியத்துக்கு மேல், இவ்வளவுதான் ஓய்வு. திருநெல்வேலியில் இரண்டு தொண்டு நிறுவனங்களில் கேட்டேன். வார நாளில்தான் வர வேண்டும் என்றார்கள். குழந்தைகள் இல்லம் ஒன்றில் கல்லூரிக் கடிதம் கேட்டார்கள். படிப்பு மையத்துக்கு மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை.

உள்ளூர் முதியோர் இல்லத்தில் மட்டும் உடனே சரி என்றார்கள். இரண்டு ஞாயிறு போனேன். ஒரு பாட்டி ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் மகனைப் பற்றியே பேசினார். பாடத்தில் ‘கவனித்துக் கேட்டல்’ என்று பத்துப் பக்கம் படித்ததைவிட அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது. ஆனால் அந்த இல்லத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் கையெழுத்து செல்லாதாம்!

சங்கரன்கோவில், கோவில்பட்டி, தென்காசி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும், எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் இருக்கும் போதை மறுவாழ்வு மையமோ இல்லமோ யாருக்காவது தெரியுமா?