முதல் நாடகத்தை ஆடியில் வைக்கலாமா? சேலம் காலேஜ் நாடகக் குழுவுக்கு யோசனை தேவை

மூன்றாமாண்டு_மேடை:
வணக்கம். ஆண்டு விழாவில் இருபது நிமிஷம் ஏதாவது போட்டுவிட்டு இறங்குவதுதான் எங்கள் வழக்கம். இந்த வருஷம் துறைத்தலைவர் நாலு முழு நாடகத்துக்குத் தலையாட்டிவிட்டார். போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: ஆகஸ்ட் முதல் வாரம் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’, அக்டோபரில் ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’, செமஸ்டர் முடிந்து டிசம்பரில் சேலத்தில் இருந்த சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி நாங்களே எழுதும் ஒன்று, பிப்ரவரியில் ‘கர்ண மோட்சம்’ கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி. ஆடிட்டோரியம் தகரக் கூரை, மைக் ஆறு. எதை மாற்றணும் என்று சொல்லுங்கள்.

ஏற்காடு_ரோடு:
உரிமை விஷயத்தை முதலில் பாருங்க. எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு. பம்மல் இறந்தது 1964, அதனால் கவலையில்லை. முத்துசாமி 2018-ல்தான் இறந்தார், குடும்பத்தாரிடம் எழுதிக் கேட்டு வாங்கிடுங்க. அப்புறம் அக்டோபர்ல சாயங்காலம் மழை பிடிச்சா தகரக் கூரைக்கு அடியில ஆறு மைக்கும் ஊமைதான்.

ஓமலூரான்:
தம்பியோ தங்கச்சியோ, ஆடியில வேண்டாம். நானும் உங்களை மாதிரி ஆகஸ்ட்ல தேதி குறிச்சு மாட்டினவன். குகையிலயும் செவ்வாய்ப்பேட்டையிலயும் ஆடித் திருவிழாவுக்கு வண்டி வேடிக்கை வந்துடும், சாமி வேஷம் கட்டி வண்டியில ஊர்வலம் வர்றது. ஊர்ல இருக்கிற கிரீடம், சரிகைத் துணி, ஒட்டுமீசை, மேக்கப் போடுற ஆள் எல்லாம் அந்த வண்டிகளுக்கே போயிடும். எங்களுக்குக் கடைசியில ரெண்டே ரெண்டு மீசைதான் கிடைச்சுது. மேடையில மூணு மிராசுதார். ஒருத்தன் உள்ளே வந்ததும் கழட்டி அடுத்தவன் ஒட்டிக்கணும். பசை காயறதுக்குள்ள வசனம் வந்துடுச்சு, மீசை சொம்புத் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. சோக நாடகம்யா அது! ஆவணி பிறந்தப்புறம் வையுங்க.

இப்ப கர்ண மோட்சம். எங்கப்பா கூத்துல பெண் வேஷம் கட்டினவர், கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவிதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேஷம். அதனால இதுல கொஞ்சம் கறாராவே பேசுவேன். அது ராத்திரி முழுக்க ஆடுற கூத்து. எங்க பக்கம் சாவு வீட்டுக் காரியத்துக்கு வைக்கிறது. பதினேழாம் நாள் போருக்குக் கிளம்புறவனைப் பொன்னுருவி மறிக்கிற இடம் இருக்கே, அதுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பத்தாது. ஒரே வரியை அவ திருப்பித் திருப்பிப் பாடுவா, ஆர்மோனியக்காரரு விடமாட்டாரு, முகவீணைக் குழல் அழும், கீழ உட்கார்ந்திருக்கிற கிழவிங்களும் அழும். நீங்க அதைச் சுருக்கினா மிஞ்சறது கதை மட்டும்தான். கதை எல்லாருக்கும் தெரியும்.

பசங்க முகத்துல அரிதாரம் பூசி, மரத்துல செஞ்ச கட்டை நகையை மாட்டி நிறுத்தினா போட்டோ நல்லா வரும். ஆனா கட்டை கட்டி, கச்சை இறுக்கி முடிக்கவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அந்தக் கனத்தோட சுத்தி ஆடணும். ஒரு மாசப் பயிற்சியில வராது. பேசாம ஒரு ஜமாவை, அதான் கூத்துக் குழுவை, ராத்திரிக்கு வரச் சொல்லுங்க. ஆடிட்டோரியம் வேண்டாம், மைதானத்துல. பசங்க வேஷம் கட்டுற இடத்துல கூட இருந்து பார்க்கட்டும், ஒருத்தன் ஜால்ரா பிடிக்கட்டும். பிப்ரவரி சரியான மாசம்தான். பங்குனியில கோயில் நோம்பி தொடங்கிட்டா ஜமா கிடைக்காது. கூலியை மட்டும் பேரம் பேசாதீங்க, விடிய விடிய ஆடுறவங்க.

மூன்றாமாண்டு_மேடை:
அண்ணா, மீசைக் கதையைக் குழுவில் படித்துக் காட்டினேன், எல்லோரும் உருண்டார்கள். ‘சபாபதி’யை ஆவணிக்கு நகர்த்திவிட்டோம். ராத்திரிக் கூத்துக்கு ஹாஸ்டல் வார்டன் ஒத்துக்கொள்வாரா என்பதுதான் பெரிய கேள்வி. பத்து மணிக்குக் கேட் மூடிவிடுவார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் நாடகம் சரியாக வருமா?

ஏற்காடு_ரோடு:
ஸ்டுடியோவை ஆரம்பிச்ச டி.ஆர். சுந்தரத்தை ஹீரோவாக்கிடாதீங்க, அது எல்லாரும் பண்றது. சின்னப் பசங்களை வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில பாடி நடிச்சுப் பழகின ஒருத்தன், கேமரா முன்னாடி நின்னு ‘கத்தாதே’ன்னு திட்டு வாங்கற முதல் நாளை எழுதுங்க. ஏற்காடு ரோட்டுல மிச்சமிருக்கிற அந்த ஸ்டுடியோ வாசல் வளைவை அட்டையில செஞ்சா செட் முடிஞ்சுது.

ஓமலூரான்:
வார்டனையும் கூத்துக்குக் கூப்பிடுங்க, முன்வரிசையில பாய் போட்டு. அப்புறம் இன்னொண்ணு. உங்க திட்டத்தை எங்கம்மாகிட்ட சொன்னேன். “காலேஜ்ல கர்ண மோட்சமா? யாரு செத்தாங்க?”ன்னு கேட்டுச்சு. நோட்டீஸ் அடிக்கும்போது காரணத்தையும் ஒரு வரி போட்டுடுங்க.