அமைச்சேற்பு இடைத்தேர்தல்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

பிரித்தானிய நாடாளுமன்ற வரலாற்றில் 1926 வரை இருந்துவந்த ஒரு தனிவகை இடைத்தேர்தலுக்கு ‘அமைச்சர் இடைத்தேர்தல்’ என்னும் சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. சொல் சுருக்கமானதுதான், ஆனால் இந்தியத் தமிழர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார் என்று அஞ்சுகிறேன். சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்பது நம் அரசமைப்பு விதி. அதற்காக அவர் போட்டியிடும் தேர்தலே உடனே மனத்தில் எழும். பிரித்தானியாவிலோ, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் அரசரின் கீழ் ஆதாயப் பதவியை, அதாவது அமைச்சுப் பதவி போன்ற ஊதியமுள்ள பதவியை, ஏற்றால், 1707ஆம் ஆண்டுச் சட்டப்படி தம் இடத்தை இழந்து, மீண்டும் தம் வாக்காளரிடமே போய் நிற்க வேண்டியிருந்தது.

1908 ஏப்ரலில் ஆஸ்குவித் பிரதமரானபோது, லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சரானார்; அவர் வகித்த வணிக வாரியத் தலைவர் பதவி சர்ச்சிலுக்குக் கிடைத்தது. ஓர் அமைச்சுப் பதவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவோருக்கு 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் விலக்களித்திருந்ததால் லாயிட் ஜார்ஜுக்குத் தேர்தல் இல்லை. அந்த விலக்குக்குள் வராத துணைச் செயலர் பதவியிலிருந்து அமைச்சரவைக்கு உயர்ந்த சர்ச்சிலோ வடமேற்கு மான்செஸ்டரில் மறுபடியும் போட்டியிட்டு, ஏப்ரல் 24 அன்று தோற்றார். பழமைவாதக் கட்சியின் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் பெற்றவை 5,417 வாக்குகள். சர்ச்சில் பெற்றவை 4,988. சமூக ஜனநாயகக் கூட்டமைப்பின் டான் இர்விங் பெற்றவை 276. பதவி உயர்வே ஒருவருடைய தொகுதியைப் பறித்த விந்தை இது!

சொல்லாய்வுக்கு உதவுவது அடுத்து நடந்ததுதான். மே 9 அன்று டண்டீ தொகுதியில் சர்ச்சில் வென்றார். அங்கும் போட்டியிட்டவர் அமைச்சரே; ஆனால் அந்த இடம் காலியானது, முந்தைய உறுப்பினர் எட்மண்ட் ராபர்ட்சன் பிரபுக்கள் அவைக்கு உயர்த்தப்பட்டதால். எனவே அது வழக்கமான இடைத்தேர்தல். வேட்பாளர் யார் என்பதை மட்டும் சொல்லும் ‘அமைச்சர் இடைத்தேர்தல்’ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. இடம் ஏன் காலியானது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன்; அவையும் பொருந்தவில்லை. ‘பதவிவழி’ என்பது பதவியின் காரணமாகவே உறுப்பினராவோருக்கு வழங்கும் சொல். ‘பதவியேற்பு’ என்றதும் உறுதிமொழி விழாதான் நினைவுக்கு வரும். ‘மறுதேர்வு’ என்றாலோ, தேர்வில் தவறிய மாணவர் வந்து நிற்பார்.

ஆகவே ‘அமைச்சேற்பு இடைத்தேர்தல்’ என்று முன்மொழிகிறேன். அமைச்சு என்பது அமைச்சராயிருக்கும் தன்மையைக் குறிக்கும் பழஞ்சொல். குறளின் ஓர் அதிகாரத் தலைப்பும் அதுவே. இலங்கையில் இச்சொல் அரசுத் துறையைக் குறிக்கிறது என்னும் மறுப்பு எழலாம். ‘ஏற்பு’ பின்னால் வருவதால் குழப்பம் நேராது என்றே கருதுகிறேன். இதை ஏற்றால், மான்செஸ்டர் தேர்தலைப் பற்றி எழுதும்போது ‘அமைச்சேற்பு இடைத்தேர்தல்’ என்றும், டண்டீ தேர்தலைப் பற்றி எழுதும்போது வெறும் ‘இடைத்தேர்தல்’ என்றும் குறிக்கலாம்.