வில்லுப்பாட்டு ரெக்கார்டிங்குக்கு எந்த சாப்ட்வேர் சரிப்படும்?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். தக்கலை பக்கத்துல வீட்டு மாடியறையில சின்னதா ரெக்கார்டிங் பண்ணிட்டு இருக்கேன். சர்ச் பாட்டும் வரும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டும் வரும்.

சர்ச் பாட்டுல தொந்தரவு இல்ல, கிளிக் (தாளத்துக்குக் காதுல விழுற டிக் டிக் சத்தம்) போட்டா அதுல நின்னு பாடிருவாங்க. வில்லுக்காரங்க காதுல கிளிக் கொடுத்தா கதையே நின்னுரும். கதை சூடு பிடிக்கப் பிடிக்க உடுக்கையும் குடமும் வேகம் ஏறிட்டே போகும். அதுதானே அழகு! ஆனா பிறகு கீபோர்டு சேர்க்க உட்கார்ந்தா தாளம் ஒரு பக்கம், திரையில கோடு ஒரு பக்கம். இப்ப இருக்கிற சாப்ட்வேர்ல (பேரு வேண்டாம்) டெம்போ மேப்பை (பாட்டுல எங்க எவ்வளவு வேகம்னு குறிக்கிறது) அடி அடியா கையால இழுக்கணும். 40 நிமிஷக் கதைக்கு ரெண்டு ராத்திரி போச்சு. மெனுவுக்குள்ள மெனு வேற, 14 இஞ்ச் லேப்டாப்புல எழுத்தெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்கு.

ரீப்பர்ங்கிற சாப்ட்வேரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், சின்ன ஸ்டூடியோவுக்கு லைசென்ஸ் 60 டாலர். மனசு அங்கதான் நிக்குது. எஃப்எல் ஸ்டூடியோ சாப்ட்வேர்ல பியானோ ரோல் (சுரங்களைத் திரையில கட்டத்துல எழுதுற இடம்) பிடிக்கும், ஆனா மைக்ல ரெக்கார்ட் பண்ண புரொடியூசர் எடிஷனாவது வாங்கணும்.

கிளிக் இல்லாம வாசிச்சதை ரீப்பர்லயோ கியூபேஸ்லயோ டெம்போ மேப் பண்ணினவங்க இருக்கீங்களா? எது லேசு? எழுத்தைப் பெருசாக்க வழி உண்டா? 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வெச்சு அனுப்புற சத்தத்தோட அளவு) 128 சாம்பிள் வெச்சா அதால வர்ற தாமதம் 2.7 மில்லிசெகண்ட்தான், ஆனா 8 ஜிபி ரேமுல சத்தம் வெட்டி வெட்டி வருது, அதுக்கும் ஏதாவது சொல்லுங்க. அடுத்த மாசம் கொடை இருக்கு. ஸ்கிரீன்ஷாட் போட்டா ரொம்ப உபகாரம்.