மார்கரெட் மாகன் பற்றி ஒரு மாணவி பேசப்போகிறாள், அந்த நீச்சல் தங்கத்தைச் சொல்லலாமா?

கோதை_டீச்சர்:
எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஐந்து நிமிடம் பேசுகிறாள். சக்கர நாற்காலி வீரர் யாரையாவது எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தேன், அவளாகவே தேடி மார்கரெட் மாகனைப் பிடித்திருக்கிறாள். 1960-ல் ரோமில் வில்வித்தையில் ஜெயித்தவர், பாராலிம்பிக்கில் பிரிட்டனின் முதல் தங்கம் அதுதான். 2020 மே மாதம் 91 வயதில் காலமானார். உரை நன்றாகவே வந்திருக்கிறது, சிக்கல் ஒரே இடத்தில். அதே ரோமில் 50 மீட்டர் மல்லாந்து நீந்தும் போட்டியிலும் அவருக்குத் தங்கம், ஆனால் அந்தப் பிரிவில் இறங்கியதே அவர் ஒருவர்தான்! சொன்னால் கூட்டம் சிரிக்கும், எடுத்துவிடுங்கள் என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். இவளோ விடுவதாக இல்லை. என்ன செய்யலாம்?

பழைய_ஓட்டக்காரன்:
சொல்லட்டும் டீச்சர், ஆனால் ஏன் வேறு ஆளில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ரோமுக்கு வந்தது 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர், எல்லோரும் தண்டுவடம் அடிபட்டவர்கள். முதுகில் எந்த மட்டத்தில் அடி என்பதைப் பார்த்துத்தான் பிரிவு. ஏற்கெனவே பெண்கள் குறைவு, அவர்களையும் இப்படிப் பிரித்தால் ஒரு பிரிவில் ஒருவர் மிஞ்சுவது அதிசயமில்லை. அப்புறம் தேதிகளைப் பாருங்கள். 1959-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய மலாவியில் ஆசிரியையாக இருந்தபோது சாலை விபத்து. 1960 செப்டம்பரில் ரோம். அடிபட்டு இரண்டு வருடம்கூட ஆகாதவர், கால் ஒத்துழைக்காமல் கையை மட்டும் நம்பி 50 மீட்டர் நீந்திக் கரை சேர்ந்திருக்கிறார். பக்கத்தில் யாரும் வரவில்லை என்பதால் தூரம் குறைந்துவிடவில்லையே.

சிரிப்பு வேண்டுமென்றால் வில்வித்தைக் கதை இருக்கிறது. கொலம்பியா ரவுண்டு என்ற முறை, 50, 40, 30 கஜத்தில் தலா 24 அம்புகள். எல்லாவற்றையும் கூட்டினால்தான் யார் முதல் என்று தெரியும். மாகன் தன் அம்புகளை எய்துவிட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார், தான் ஜெயித்தது அவருக்கே தெரியாது. பதக்கம் கொடுக்கவேண்டிய நேரத்தில் ஆளைக் காணோமென்று தேடிவந்து கூட்டிப்போயிருக்கிறார்கள்.

நேர்கோடு:
நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இன்னொருவரை முந்தினால்தான் பதக்கத்துக்கு அர்த்தம். தனியாக நீந்தியதற்குத் தங்கம் என்று மேடையில் சொன்னால், பாரா விளையாட்டே சலுகைதான் என்று நினைக்கிறவர்களுக்கு நாமே தீனி போடுகிறோம். வில்வித்தை ஒன்று போதாதா?

பழைய_ஓட்டக்காரன்:
@நேர்கோடு மறைத்தால் அவர்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள், அது இன்னும் மோசம். தவிர, அந்த ரோம் போட்டியே மருத்துவமனை வளாகத்தில் முளைத்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த டாக்டர் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-ல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இப்படி அடிபட்டவர்கள் அதிக நாள் தாங்கமாட்டார்கள் என்று மற்ற மருத்துவர்கள் கைவிட்டிருந்த காலம். வில்லை இழுத்தால் தோளும் முதுகும் பலப்படும், உட்கார்ந்தபடி நிதானம் வரும் என்று அவர் அதைச் சிகிச்சையாகவே வைத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அங்கே 16 பேர் வில்லெடுத்தார்கள். மாகனும் அந்த மருத்துவமனையில்தான் வில் பிடிக்கக் கற்றார். ஆள் சேராத ஆரம்ப காலத்தை இன்றைய அளவுகோலால் அளந்தால் எப்படி?

சக்கரம்_நாலு:
நான் நாற்காலியில் இருக்கிறவன், அதனால் கொஞ்சம் கடுப்பாகவே சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் நீச்சலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், எனக்கு முக்கியம் ரோமின் படிக்கட்டு. வீரர்கள் தங்கிய கட்டடங்கள் தூண்கள்மேல் எழுப்பியவை, ஏறப் படிகள்தான். நாற்காலிக்காரர்களுக்கான போட்டியில்! இத்தாலியச் சிப்பாய்கள் ஆட்களைத் தூக்கித் தூக்கி ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். இதை மனிதநேயம் என்று உருகி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களை யாராவது தூக்கியிருக்கிறார்களா? அவர்கள் கை எங்கே படும், எப்போது நழுவும் என்று தெரியாமல் சிரித்த முகமாக நன்றி வேறு சொல்லவேண்டும். சென்ற வருடம் ஒரு பரிசளிப்பு விழாவில் என்னை நாலு பேர் மேடைக்குத் தூக்கினார்கள், அதற்குத்தான் பலத்த கைதட்டல். பரிசுக்கு இல்லை.

உரையில் "ஊனத்தை வென்ற" என்று எங்காவது இருந்தால் முதலில் அதை அடியுங்கள் டீச்சர். அவர் வென்றது வில்வித்தைப் போட்டியை. 1980 ஆர்ன்ஹெம் பாராலிம்பிக் வரை விளையாடியவர், ரோமோடு முடிந்துபோன ஆள் மாதிரி எழுதாதீர்கள். 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்குக்கும் போயிருக்கிறார், நம் இந்திய வீரர் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் நீச்சலில் 37.33 வினாடியில் தங்கம் எடுத்த அதே போட்டி. நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பு பிடிக்கும்.

நேர்கோடு:
சரி, படிக்கட்டு விஷயம் எனக்குத் தெரியாது. நீச்சலில் மட்டும் என் கருத்து அப்படியேதான்.

கோதை_டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. அந்த வார்த்தை இரண்டு இடத்தில் இருந்தது, அவளிடம் காட்டினேன், அடித்துவிட்டாள். நீச்சல் இருக்கும், ஏன் ஆளில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். முடிவில் 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை வைத்திருக்கிறாள், ஆகஸ்ட் 29, பார்வையற்ற கால்பந்து வீரர் டேவிட் கிளார்க் கொடுத்த தீபத்தை வாங்கி மாகன் போட்டிச் சுடர் எரியும் பெரிய கொப்பரையை ஏற்றிய இடம். எனக்கு அதைவிடப் பேருந்துக் கதைதான் பிடித்திருக்கிறது, அதை முதலில் கொண்டுவா என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். இதற்கும் யாராவது பஞ்சாயத்து பண்ணுங்கள்.

சக்கரம்_நாலு:
பேசப்போவது அவள்தானே, அவள் இஷ்டம். உங்கள் மேடைக்குச் சாய்தளம் உண்டா?

கோதை_டீச்சர்:
இல்லை சார், நாலு படி. தரையிலேயே மைக் வைத்தால் என்ன என்று நாளைக்குத் தலைமையாசிரியரிடம் கேட்கிறேன்.